கண் எங்கே தாவும்? திரையில் தகவலை மக்கள் படிக்கும் விதமும், அதற்கேற்பப் பக்கம் அமைக்கும் முறையும்

கையை முழுதாக நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்திப் பாருங்கள். அந்த நகத்தின் அகலம் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவுதான் நம் கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு. கோணக் கணக்கில் 2 டிகிரி. 60 செ.மீ. தொலைவில் மானிட்டர் இருந்தால் திரையில் சுமார் 2 செ.மீ. மட்டுமே தெளிவு, மீதியெல்லாம் மங்கல். அந்த மங்கலில் எது பெரியது, எது அடர்ந்த நிறம், எது அசைகிறது என்பது தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்பது தெரியாது.

முழுத் திரையும் தெளிவாகத் தெரிவதாக நமக்குத் தோன்றுவதற்குக் காரணம், கண் ஓயாமல் தாவிக்கொண்டிருப்பதுதான். ஓரிடத்தில் கால் நொடி அளவு நிற்கும், பிறகு அடுத்த இடத்துக்குத் தாவும். தாவும் அந்தச் சில பத்து மில்லி நொடிகளில் பார்வை கிட்டத்தட்ட அணைந்தே இருக்கிறது. படிக்கும்போது கண் இப்படி விட்டு விட்டு நகர்வதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஜாவலின் ஆய்வுக்கூடத்தில் கவனித்துவிட்டார்கள். ஆங்கிலம் படிப்பவரின் கண் ஒரு தாவலுக்கு 7 முதல் 9 எழுத்துகளைக் கடக்கிறது. 10 முதல் 15 சதவீதத் தாவல்கள் பின்னோக்கிப் போகின்றன, அதாவது படித்ததை மறுபடி பார்க்க.

அடுத்த தாவல் எங்கே என்பதை இரண்டு முடிவு செய்கின்றன: மங்கலில் தெரியும் வடிவம், பார்ப்பவர் தேடி வந்த விஷயம். இரண்டாவதன் வலிமையைச் சோவியத் ஆய்வாளர் ஆல்ஃபிரட் யார்பஸ் காட்டினார். ஒரே ஓவியத்தைக் கொடுத்து, 'இவர்களின் வயது என்ன' என்று கேட்டபோது கண்கள் முகங்களையே சுற்றின. 'இந்தக் குடும்பத்தின் வசதி எப்படி' என்று கேட்டபோது பொருள்களையும் உடைகளையும் சுற்றின. படம் மாறவில்லை, கேள்விதான் மாறியது.

ஆகவே திரையை அமைப்பவரின் வேலை, மங்கலில் பார்த்தாலே அடுத்து எங்கே போகவேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும்படி செய்வது. அழகு அதற்குப் பிறகு. கீழே வரும் படிகள் இணையப் பக்கம், செயலி, படிவம், அறிக்கை, ஸ்லைடு எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

படி 1: கேள்வியை எழுதுங்கள்

பக்கத்தைத் தொடும் முன் ஒரு தாளில், இங்கே வருபவர் எந்தக் கேள்வியோடு வருகிறார் என்று ஒரு வரி எழுதுங்கள். 'என் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது?' 'அடுத்த ரயில் எத்தனை மணிக்கு?' மூன்று கேள்விகளுக்கு மேல் வந்தால், அது ஒரு பக்கத்தில் அடங்கும் வேலையல்ல, பிரித்துவிடுங்கள். முதல் கேள்விக்கான பதில் ஸ்க்ரோல் செய்யாமலே தெரியவேண்டும். வரவேற்பு வாசகம், நிறுவன அறிமுகம், சுழலும் படங்கள் எல்லாம் அந்தப் பதிலுக்குக் கீழேதான். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் பின்னால் செய்யும் எந்தத் திருத்தமும் அரைகுறைதான்.

படி 2: அளவெடுங்கள்

எழுத்தின் அளவைப் பிக்சலில் யோசிப்பது பாதிக் கணக்கு. கண்ணுக்குத் தெரிவது கோணம். கோணம் தொலைவைப் பொறுத்தது. பார்வை ஆய்வாளர் கார்டன் லெகேயும் எழுத்துரு வடிவமைப்பாளர் சார்ல்ஸ் பிகலோவும் 2011-இல் தொகுத்துக் காட்டிய கணக்குப்படி, ஆங்கிலச் சிற்றெழுத்தின் ('x' போன்றவற்றின்) உயரம் 0.2 டிகிரிக்குக் கீழே போனால் வாசிப்பு வேகம் சரியத் தொடங்கும். அதைக் கணக்கிட எளிய வழி: தொலைவை செ.மீ.-இல் எடுத்து 0.035-ஆல் பெருக்குங்கள், குறைந்தபட்ச உயரம் மி.மீ.-இல் கிடைக்கும். மானிட்டர் 60 செ.மீ. என்றால் 2.1 மி.மீ. கைபேசி 35 செ.மீ. என்றால் 1.2 மி.மீ. அரங்கில் கடைசி வரிசை 6 மீட்டர் தள்ளி இருந்தால் 21 மி.மீ. ஸ்லைடில் அட்டவணையை ஒட்டி வைப்பவர்கள் இந்தக் கடைசி எண்ணை ஒருமுறை கணக்கிட்டுப் பார்க்கலாம்.

தமிழுக்கு இந்த எண் போதாது. சுழிகளும் வளைவுகளும் அதிகம், புள்ளி ஒன்று தெரியாமல் போனால் எழுத்தே மாறிவிடும். மூன்றில் ஒரு பங்காவது கூட்டிக்கொள்ளுங்கள். திரையில் 'ப' எழுத்தின் உயரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், மானிட்டரில் 2.8 மி.மீ. இருந்தால் நல்லது. ஒரே 16 பிக்சலில் ஓர் எழுத்துரு பெரிதாகவும் இன்னொன்று சிறிதாகவும் தெரிவது வழக்கம் என்பதால், எழுத்துருவை மாற்றும்போதெல்லாம் மறுபடி அளக்கவேண்டும்.

படி 3: கண்ணைச் சுருக்கிப் பாருங்கள்

பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்துப் படத் திருத்தியில் 8 முதல் 10 பிக்சல் வரை மங்கலாக்குங்கள். நேரமில்லையென்றால் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாலே போதும். எழுத்துகள் கரைந்து திட்டுகள் மட்டும் மிஞ்சும். அந்தத் திட்டுகளைத்தான் கண் அடுத்த தாவலுக்கு நம்பியிருக்கிறது. மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

முதலில், எத்தனை திட்டுகள் முந்திக்கொண்டு தெரிகின்றன? ஒன்று அல்லது இரண்டு இருக்கவேண்டும். கறுப்பு எழுத்துகளுக்கு நடுவே ஒரு சிவப்பு எழுத்து இருந்தால், சுற்றிலும் பத்து இருந்தாலும் நூறு இருந்தாலும் அது ஒரே நேரத்தில் கண்ணில் படும். உளவியலாளர்கள் ஆன் ட்ரைஸ்மனும் கேரி கெலேடும் 1980-இல் விளக்கிய இந்தத் தன்மை, ஒரே ஓர் அம்சத்தால் வேறுபடும்போதுதான் வேலை செய்யும். 'சிவப்பாகவும் இருக்கவேண்டும், சாய்ந்தும் இருக்கவேண்டும்' என்று இரண்டைச் சேர்த்துத் தேடச் சொன்னால் ஒவ்வொன்றாகத்தான் தேடவேண்டியிருக்கும். பக்கத்தில் ஐந்து பட்டன்களுக்கு ஐந்து அழுத்தமான நிறங்கள் கொடுத்தால் ஒன்றுமே முந்தாது.

இரண்டாவது, சேரவேண்டியவை சேர்ந்திருக்கின்றனவா? அருகருகே இருப்பதை மனம் ஒரே குழுவாக எடுத்துக்கொள்ளும் என்பதை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1923-இலேயே விளக்கினார். படிவங்களில் அடிக்கடி காணும் பிழை இதிலிருந்து வருவதுதான்: 'பெயர்' என்ற சொல் மேலுள்ள பெட்டிக்கும் கீழுள்ள பெட்டிக்கும் நட்டநடுவில் நிற்கும், எதன் பெயர் எது என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கவேண்டும். பெட்டிக்கும் அதன் தலைப்புக்கும் 6 பிக்சல் இடைவெளி என்றால் அடுத்த தலைப்புக்கு 24 பிக்சல் விடுங்கள். எண்ணைவிட விகிதம் முக்கியம். உள் இடைவெளியைப் போல வெளி இடைவெளி இரண்டு மடங்குக்குமேல் இருக்கட்டும். இடைவெளி சரியாக விழுந்துவிட்டால் கோடும் பெட்டியும் பெரும்பாலும் தேவைப்படாது.

மூன்றாவது, விளம்பரம் போல் தெரியும் திட்டு எது? அங்கே முக்கியச் செய்தி இருந்தால் ஆபத்து. பளிச்சென்ற நிறப் பட்டையில் வைத்த இணைப்பையே, அதைத் தேடி வந்தவர்கள் தவறவிட்டதை 1998-இல் ஜான் பென்வேயும் டேவிட் லேனும் பதிவு செய்தார்கள். எச்சரிக்கையை மஞ்சள் பட்டையில் போட்டு மேலே ஒட்டுவது அதனால் பலிப்பதில்லை. எந்த வேலையைப் பற்றிய எச்சரிக்கையோ அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே, சாதாரண எழுத்தில் போடுங்கள்.

படி 4: 'எஃப்' வடிவத்தைப் புரிந்துகொள்ளுங்கள், வணங்காதீர்கள்

பயனர் அனுபவ ஆய்வு நிறுவனமான நீல்சன் நார்மன் குழுமம் 2006-இல் 232 பேரின் கண்ணசைவைப் பதிவு செய்து ஒரு வடிவத்தைச் சொன்னது. மேல் வரி முழுதாக, அதற்குக் கீழே ஒரு வரி பாதியாக, பிறகு இடது ஓரமாக மேலிருந்து கீழே என்று பார்வை போகிறது. ஆங்கில 'எஃப்' எழுத்தைப் போல. அன்றிலிருந்து 'முக்கியமானதை எஃப் வடிவத்தில் வையுங்கள்' என்று ஓர் அறிவுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. அது தலைகீழான பாடம். தலைப்பில்லாத நெடும்பத்தியைக் கண்டால்தான் மக்கள் அப்படிப் பார்க்கிறார்கள். வழிகாட்டி ஏதும் இல்லாத இடத்தில் கண் தானாகத் தேடிக்கொள்ளும் குறுக்குவழி அது. பொருள் சொல்லும் உள்தலைப்புகள் இருந்தால் கண் தலைப்பிலிருந்து தலைப்புக்கு இறங்கும், வேண்டிய இடத்தில் நின்று படிக்கும்.

நீண்ட உரையில் மூன்று பத்திகளுக்கு ஒரு தலைப்பாவது வையுங்கள். 'முன்னுரை', 'பொதுத் தகவல்கள்', 'மேலும்' போன்றவை எதையும் சொல்வதில்லை. 'எந்தெந்த ஆவணங்கள் தேவை' என்பது தலைப்பு. தலைப்புக்கு மேலே விடும் இடைவெளி கீழே விடுவதைவிட அதிகமாக இருக்கவேண்டும், இல்லையென்றால் அது முந்தைய பத்தியின் வாலாகத் தெரியும்.

படி 5: சொல் வரிசையைத் திருத்துங்கள்

ஆங்கிலத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது, எதிர்மறை அந்த வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. திரையில் மேய்பவரோ முதல் இரண்டு மூன்று சொற்களோடு போய்விடுகிறார்.

'தங்கள் விண்ணப்பத்துக்கான கட்டணம் வெற்றிகரமாகச் செலுத்தப்படவில்லை.'

இதைப் பாதி பார்த்துவிட்டு, வேலை முடிந்தது என்று பக்கத்தை மூடுபவர் மீது தவறில்லை. 'வெற்றிகரமாக' கண்ணில் பட்டது, 'வில்லை' படவில்லை. 'கட்டணம் சேரவில்லை. வங்கி மறுத்துவிட்டது. மறுபடி செலுத்துங்கள்.' என்று உடைத்தால் தப்பிக்க வழியில்லை. வாக்கியத்தை உடைக்க முடியாத இடத்தில் நிலையை முதலில் போடுங்கள்: 'தோல்வி: கட்டணம் செலுத்துதல்'.

கைபேசியில் இடம் போதாமல் வாசகம் மூன்று புள்ளிகளோடு வெட்டுப்படும்போது இதே சிக்கல் பெரிதாகிறது. 'பதிவு நீக்கப்ப…' என்று நின்றால் நீக்கப்பட்டதா, நீக்கப்படவில்லையா? அறிவிப்புகளின் முதல் 20 எழுத்துகளை மட்டும் ஒரு பட்டியலாக எழுதி, அதை மட்டும் படித்தே பொருள் விளங்குகிறதா என்று பாருங்கள்.

மெனுவில் வேறுபடும் சொல் முன்னே வரவேண்டும். 'மின்னஞ்சல் அறிவிப்புகளை இயக்கு', 'மின்னஞ்சல் அறிவிப்புகளை நிறுத்து', 'மின்னஞ்சல் அறிவிப்புகளை மாற்று' என்று அடுக்கினால் மூன்றும் ஒரே திட்டாகத் தெரியும். பொதுச் சொல்லைத் தலைப்பாக மேலே ஏற்றிவிட்டு, கீழே 'இயக்கு', 'நிறுத்து', 'மாற்று' என்று விடுங்கள். 'விண்ணப்பத்தை ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டுக் கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பட்டன் வைப்பது இன்னொரு பழைய வியாதி. எந்த ரத்து? 'விண்ணப்பத்தை நீக்கு', 'அப்படியே இருக்கட்டும்' என்று பட்டனிலேயே வினையைச் சொல்லிவிட்டால், கேள்வியைப் படிக்காதவரும் தப்பித்துக்கொள்வார்.

படி 6: வரியும் எழுத்தும்

வரி முடிந்ததும் கண் இடது ஓரத்துக்கு ஒரு நீண்ட தாவல் தாவவேண்டும். வரி மிக நீண்டால் அந்தத் தாவல் தவறி, படித்த வரிக்கே திரும்பும் அல்லது ஒரு வரியை விழுங்கும். உலக அளவிலான இணைய அணுகல் வழிகாட்டி (WCAG) வரிக்கு 80 எழுத்துகளை உச்சவரம்பாகவும் வரி இடைவெளிக்கு ஒன்றரை மடங்கையும் சொல்கிறது. தமிழில் 45 முதல் 60 எழுத்துகள், அதாவது ஏழெட்டுச் சொற்கள் வசதி. வரி இடைவெளி 1.6 மடங்கு வேண்டும். ஏனென்றால் மேல்வரியின் 'நூ', 'கு' போன்றவற்றில் கீழே இறங்கும் பகுதியும் கீழ்வரியின் 'கீ', 'தி' போன்றவற்றில் மேலே ஏறும் பகுதியும் ஒன்றோடொன்று மோதும்.

இரு ஓரமும் நேராக வரும்படி நிரப்பாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. குறுகிய வரியில் நான்கைந்து சொற்களே இருக்கும்போது இடைவெளிகள் வாய்க்கால் போல் பிளந்து, கண் அவற்றின் வழியே கீழே வழுக்கும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும்.

ஆங்கிலத்தைப் போலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு தமிழில் இல்லாததால், வேறுபாடு காட்ட அளவு, தடிமன், இடைவெளி என்ற மூன்றே கருவிகள். தடித்த எழுத்தைச் சிறிய அளவில் போட்டால் 'ண', 'ஞ', 'இ' ஆகியவற்றின் உள்வெளி அடைபடும். சாய்வெழுத்து தமிழின் இயல்பில்லை, தவிர்த்துவிடுங்கள். எழுத்துகளுக்கிடையே செயற்கையாக இடைவெளி கூட்டினால், சில மென்பொருள்களில் கொம்பும் துணைக்காலும் தம் எழுத்தைவிட்டு விலகி நிற்கும். எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது 'எ ஏ, ஒ ஓ, ன ண, க க்' என்ற வரிசையை உங்கள் மிகச்சிறிய அளவில் தட்டிப் பாருங்கள். ஒரே பார்வையில் பிரிந்து தெரியாவிட்டால் அந்த எழுத்துரு வேண்டாம்.

படி 7: நிறம்

சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் 4.5-க்கு 1 குறையாமல் இருக்கவேண்டும் என்கிறது அதே வழிகாட்டி. பெரிய அளவு எழுத்துக்கும் ஐகான்களுக்கும் 3-க்கு 1 போதும். வெள்ளைப் பின்னணியில் #767676 என்ற சாம்பல் 4.54 தந்து தேறிவிடும். பலரும் 'மென்மையாக இருக்கிறது' என்று விரும்பும் #999999 வெறும் 2.85. வடிவமைப்பாளரின் நல்ல மானிட்டரில் இது தெரியாது. வெயிலில் கைபேசியைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்லாதீர்கள். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குச் சிவப்பு-பச்சைக் குழப்பம் உண்டு. ஸ்க்ரீன்ஷாட்டைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். 'ஏற்கப்பட்டது', 'மறுக்கப்பட்டது' என்ற வேறுபாடு அப்போதும் தெரிந்தால் சரி.

விழித்திரையின் மையக் குழியில், அதாவது மிகக் கூர்மையாகப் பார்க்கும் அந்த நடுப்புள்ளியில், நீலத்தை உணரும் செல்கள் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. கறுப்பின் மேல் மெல்லிய அடர்நீல எழுத்து அலைக்கழிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இருண்ட பின்னணியை விரும்புபவர்கள் உண்டு, தேர்வாகக் கொடுங்கள். ஆனால் வெளிச்சமான இடத்தில் நீண்ட வாசிப்புக்கு வெளிர் பின்னணியில் கறுத்த எழுத்தே பொதுவாகக் கைகொடுக்கிறது. திரை வெளிச்சமாக இருக்கும்போது கண்மணி சுருங்கி உருவம் கூர்மையாக விழுகிறது.

படி 8: படிவம், அட்டவணை, வரைபடம்

படிவத்தில் தலைப்பு பெட்டிக்கு மேலே இருக்கட்டும். ஒரே பார்வையில் இரண்டும் விழும். பெட்டிக்குள் மங்கலாக எழுதி வைத்தால் தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும், பாதியில் நிறுத்தியவருக்கு என்ன கேட்டார்கள் என்பதே நினைவிருக்காது. பெட்டிகளை இரண்டு நெடுவரிசையாக அடுக்கினால் குறுக்கே போவதா கீழே போவதா என்ற குழப்பம் வந்து, ஏதாவது ஒன்று விடுபடும்.

அட்டவணையில் சொற்கள் இடது ஓரம், எண்கள் வலது ஓரம். தசமப் புள்ளிக்குப் பின் எல்லா வரியிலும் ஒரே எண்ணிக்கை இலக்கங்கள். அப்போது எண்ணின் நீளமே அதன் அளவைச் சொல்லிவிடும். அலகை ஒவ்வொரு கட்டத்திலும் எழுதாமல் தலைப்பில் ஒருமுறை எழுதுங்கள். ஸ்க்ரோல் செய்யும்போது தலைப்பு வரி நகராமல் நிற்கவேண்டும்.

வரைபடத்தில், பொதுவான ஓர் அளவுகோலின் மேல் இடத்தை ஒப்பிடுவதில் நாம் மிகத் துல்லியம்; பிறகு நீளம், அதற்குப் பின் கோணம், பரப்பு. புள்ளியியலாளர்கள் வில்லியம் கிளீவ்லாண்டும் ராபர்ட் மெக்கிலும் 1984-இல் சோதித்துச் சொன்ன வரிசை இது. ஏழெட்டுத் துண்டுகள் கொண்ட வட்ட வரைபடத்தைப் பட்டை வரைபடமாக மாற்றினால் போதும், எது பெரிது என்ற விவாதம் நின்றுவிடும். பட்டை 0-இலிருந்து தொடங்கவேண்டும். நிற விளக்கப் பட்டியலை ஓரத்தில் வைத்தால் கண் அங்கும் இங்கும் அலையும், கோட்டின் முனையிலேயே பெயரை எழுதுங்கள்.

படி 9: மாற்றம் நடந்தால், நடந்த இடத்திலேயே சொல்லுங்கள்

24 அங்குல மானிட்டரின் அகலம் 53 செ.மீ. கூர்மையாகத் தெரிவதோ 2 செ.மீ. கீழே இடது மூலையில் பட்டனை அழுத்தியவருக்கு மேலே வலது மூலையில் 3 நொடி வந்து மறையும் செய்தி தெரியாமல் போவதில் வியப்பில்லை. இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு கணம் வெற்றுத் திரை வந்துபோனால், பெரிய மாற்றம்கூடப் பல முறை மாறி மாறிக் காட்டிய பிறகே பிடிபடுகிறது என்று ரொனால்ட் ரென்சிங்கும் உடன் ஆய்வாளர்களும் 1997-இல் காட்டினார்கள். பக்கம் ரீலோட் ஆவதும் அப்படியொரு வெற்றுக் கணம்தான். பிழை எந்தப் பெட்டியிலோ அதன் கீழேயே செய்தி வரட்டும், தானாக மறையக்கூடாது. திரையைப் பெரிதாக்கிப் பார்க்கும் பார்வைக் குறையுள்ளவர்களுக்கு இந்த ஒரு மாற்றமே பாதி வேலையை முடித்துவிடும்.

ஒரு பக்கத்தில் பார்த்த எண்ணை இன்னொரு பக்கத்தில் நினைவிலிருந்து தட்டச் சொல்லாதீர்கள். மனம் ஒரே நேரத்தில் பிடித்துவைப்பது நான்கைந்து துண்டுகள்தான். தவிர்க்க முடியாதபோது 6 இலக்கங்களை 3, 3 என்று பிரித்துக் காட்டுங்கள்.

படி 10: ஆளை உட்காரவைத்துச் சோதியுங்கள்

பக்கத்தை முன்பு பார்க்காத ஐந்து பேர் போதும், பெரிய பழுதுகள் வெளிவந்துவிடும். முதலில் 5 நொடி காட்டி மறைத்துவிட்டு, 'இது எதற்கான பக்கம், என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். பிறகு படி 1-இல் எழுதிய கேள்வியைக் கொடுத்து, முதல் கிளிக் எங்கே விழுகிறது, எத்தனை நொடியில் விழுகிறது என்று குறியுங்கள். உதவி செய்யாதீர்கள், விளக்காதீர்கள். கடைசியில், பக்கம் சொன்னதை அவர் சொற்களில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். படித்தாரா, பார்த்துவிட்டுப் போனாரா என்பது அங்கேதான் பிரியும்.

கண் தடம் பதியும் கருவி கிடைத்தால் நல்லது, ஆனால் அது தரும் வெப்பப் படத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பலரின் பார்வையை ஒன்றாகக் கொட்டிய படம் அது, யார் எதை முதலில் பார்த்தார் என்ற வரிசை அதில் தொலைந்துபோயிருக்கும். சிவந்து தெரியும் இடத்தில் ஆர்வமும் இருக்கலாம், குழப்பமும் இருக்கலாம். ஒவ்வொருவரின் தடத்தையும் தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். ஒரே இரண்டு இடங்களுக்கிடையே கண் நான்கைந்து முறை போய் வந்தால், அந்த இரண்டும் பக்கத்து பக்கத்தில் இருந்திருக்கவேண்டியவை. அவற்றை அருகே கொண்டுவந்துவிட்டு, படி 3-இன் மங்கல் சோதனையிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.